செய்ஜி ஒகாவா: ரத்தத்தை வைத்து மூளையைப் படித்தவர்

"காதலிக்கும்போது மூளையில் இந்த இடம் ஒளிர்கிறது", "பொய் சொன்னால் அந்த இடம் சிவக்கிறது" என்ற ரகச் செய்திகள் வாரத்துக்கு ஒன்றாவது கண்ணில் படுகின்றன. கூடவே சாம்பல் நிறத்தில் ஒரு மூளைப் படம், அதன்மேல் மஞ்சளும் சிவப்புமாகத் திட்டுகள். மூளைக்குள் எதுவும் ஒளிர்வதில்லை, எதுவும் சிவப்பதுமில்லை. நிறம் பூசுவது கணினி. எதைக் கணக்குப் பார்த்துப் பூசுகிறது என்று கேட்டால், "நரம்பணுக்களின் மின்சாரத்தை" என்பதுதான் பலரிடமிருந்து வரும் பதில். அந்தப் படத்தை எடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவிக்கு மின்சாரம் தெரியாது. அதற்குத் தெரிவது ரத்தம். இன்னும் சரியாகச் சொன்னால், சுமந்து வந்த ஆக்சிஜனை இறக்கிவைத்துவிட்ட ஹீமோகுளோபின் ஓரிடத்தில் எவ்வளவு நிற்கிறது என்பது.

இந்த வழியைக் கண்டவர் மூளை மருத்துவர் அல்ல, உளவியலாளரும் அல்ல. ஒரு தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகத்தில் 33 ஆண்டுகள் வேலை பார்த்த ஜப்பானியர், செய்ஜி ஒகாவா. செயல்சார் எம்.ஆர்.ஐ. என்று இன்று அழைக்கப்படும் துறை முழுவதும் அவர் 1990இல் வெளியிட்ட கட்டுரைகளின் மேல் நிற்கிறது. அவருடைய ஆய்வு வாழ்க்கையைப் பின்தொடர்ந்தால் இந்தப் படங்கள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதும் கூடவே புரிந்துவிடும்.

ஹீமோகுளோபினை விடாதவர்

ஒகாவா 1934இல் டோக்கியோவில் பிறந்தவர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் 1957இல் பயன்பாட்டு இயற்பியல் பட்டம். பிறகு அமெரிக்கா போய், 1967இல் ஸ்டான்போர்டில் வேதியியலில் முனைவர் பட்டம். வழிகாட்டி ஹார்டன் மெக்கானல், எம்.ஆர்.ஐ.க்கு அடிப்படையான காந்த ஒத்ததிர்வுத் துறையில் பெரிய கை. அங்கே அவர்கள் பார்த்தது ஹீமோகுளோபினை: ஆக்சிஜன் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த மூலக்கூறு எப்படி வடிவம் மாறுகிறது என்பதை. அடுத்த ஆண்டே நியூ ஜெர்சியில் முர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கும் ராபர்ட் ஷுல்மனின் உயிரியற்பியல் குழுவில் அதே ஹீமோகுளோபின்.

தொலைபேசிக் கம்பெனிக்கு ரத்தத்தில் என்ன வேலை என்று தோன்றும். பெல் ஆய்வகம் அப்படிப்பட்ட இடம். ஏ.டி. அண்டு டி. நிறுவனம் அமெரிக்கத் தொலைபேசியை ஏறக்குறைய ஏகபோகமாக வைத்திருந்த காலத்தில் அதன் லாபத்தில் ஒரு பங்கு இந்த ஆய்வகத்துக்குப் போனது. 1947இல் டிரான்சிஸ்டர் பிறந்தது இங்கேதான். அண்டவெளியில் எங்கும் நிறைந்திருக்கும் நுண்ணலைக் கதிர்வீச்சைப் பென்சியாசும் வில்சனும் 1964இல் கண்டதும் இந்த ஆய்வகத்தின் ஆன்டெனாவில்தான். அடுத்த காலாண்டுக்குள் என்ன விற்கலாம் என்று யாரும் வந்து கேட்காத சூழ்நிலை இல்லாமல் ஒகாவாவின் கதை நடந்திருக்காது என்பது என் எண்ணம். மானியம் தரும் குழு ஒன்றின் முன்னால் 1988இல் நின்று, "எலிக்கு ஆக்சிஜனைக் கூட்டிக் குறைத்துப் படம் எடுத்துப் பார்க்கப் போகிறேன்" என்று சொல்லியிருந்தால், எந்த நோய்க்கு என்ற கேள்விக்கே அவரால் பதில் சொல்லியிருக்க முடியாது.

எழுபதுகளில் அந்தக் குழு காந்த ஒத்ததிர்வை உயிருள்ள செல்களுக்குக் கொண்டுபோனது. பாக்டீரியாவை உயிரோடு வைத்தே அதற்குள் பாஸ்பரஸ் சேர்மங்கள் மாறுவதைக் கவனித்தார்கள். அப்போது அங்கு இளம் ஆய்வாளராக வந்து சேர்ந்தவர் துருக்கியைச் சேர்ந்த காமில் உகுர்பில். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

இரும்பின் இரண்டு முகங்கள்

ஒகாவா கண்டதன் வேர் இன்னும் பழையது. மைக்கேல் பாரடே 1845இல் காய்ந்த ரத்தத்தைக் காந்தத்தின் அருகே வைத்துப் பார்த்தார். இரும்பு இருந்தும் காந்தம் அதை ஈர்க்கவில்லை. புதிய, திரவ ரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்று குறித்துவைத்தார். தமனி ரத்தத்தையும் சிரை ரத்தத்தையும் தனித்தனியாகச் சோதித்திருந்தால் வேறுபாட்டைக் கண்டிருப்பார். அதைக் காண 91 ஆண்டு ஆயிற்று. 1936இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் அளந்து சொன்னார்கள்: ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினில் இணையற்ற எலக்ட்ரான் கிடையாது, அது காந்தத்துக்குப் பிடிகொடுக்காது. ஆக்சிஜன் இறங்கியதும் ஒவ்வொரு இரும்பு அணுவிலும் நான்கு எலக்ட்ரான்கள் தனித்து நிற்கும். மூலக்கூறு பாராகாந்தத் தன்மை பெற்றுவிடும்.

ஆக, நம் உடம்பில் ஓடும் ரத்தம் ஆக்சிஜனைக் கொடுத்த கையோடு காந்தத்துக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறது. தமனி ரத்தத்தில் ஏறக்குறைய 98 விழுக்காடு ஹீமோகுளோபின் ஆக்சிஜனோடு இருக்கும். மூளையை விட்டு வெளியேறும் சிரை ரத்தத்தில் அது சுமார் 60 முதல் 65 விழுக்காடு.

இப்போது எம்.ஆர்.ஐ. எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஸ்கேன் அறைக்குள் போகுமுன் தாலிச் சங்கிலி முதல் பெல்ட் கொக்கி வரை கழற்றச் சொல்வது அந்தக் காந்தத்தின் வலிமைக்காக. மருத்துவமனைகளில் வழக்கமாக இருப்பது 1.5 அல்லது 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப் புல வலிமையின் அலகு). உடம்பில் உள்ள தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் அந்தப் புலத்தில் பம்பரம்போல் தலைசுற்றும். 3 டெஸ்லாவில் வினாடிக்குச் சுமார் 12.8 கோடி முறை. ஒரு ரேடியோ துடிப்பைக் கொடுத்தால் எல்லாம் ஒரே கதியில் சேர்ந்து சுற்றும், அப்போது எழும் மெல்லிய சிக்னலைக் கருவி பிடிக்கும். கோலாட்டக் குழு ஒரே தாளத்தில் அடிக்கும்வரை சத்தம் கணீரென்று கேட்கும், ஆளுக்கொரு தாளமானால் வெறும் சலசலப்பு. புலம் எங்கும் சீராக இருந்தால் அணுக்கருக்களின் தாளம் சற்று நேரம் நிற்கும். நடுவே பாராகாந்தப் பொருள் ஏதாவது இருந்து புலத்தைக் கோணலாக்கினால், அதன் சுற்றுப்புறத்தில் தாளம் சீக்கிரம் கலையும். படத்தில் அந்த இடம் இருட்டாகும்.

சிரை ரத்தம் அப்படிக் கோணலாக்கும் என்பது ஒகாவாவுக்கு முன்பே தெரியும். 1982இல் ஆக்ஸ்போர்டில் கீத் தல்பார்னும் உடன் ஆய்வாளர்களும் சோதனைக் குழாய் ரத்தத்தில் அதை அளந்திருந்தார்கள். ஆனால் அதை உயிருள்ள மூளையின் வேலையைப் படமெடுக்கும் வழியாக யாரும் மாற்றியிருக்கவில்லை.

கறுப்புக் கோடுகள்

எண்பதுகளின் கடைசியில் ஒகாவாவின் கையில் 7, 8.4 டெஸ்லா வலிமையுள்ள காந்தங்கள் இருந்தன. மனிதர் நுழையும் அளவல்ல, எலியும் சுண்டெலியும் போகும் அளவு. மயக்கமருந்து கொடுத்த எலியின் மூளையை, 65 மைக்ரான் நுணுக்கத்தில், அதாவது ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்கு, படம் எடுத்தார். அவர் கையாண்ட முறைக்கு கிரேடியண்ட் எக்கோ என்று பெயர். புலக் கோணல் எதையும் மறைக்காமல் காட்டிவிடும் முறை அது. வழக்கமான ஸ்பின் எக்கோ முறை அந்தக் கோணலில் பெரும்பகுதியைச் சரிக்கட்டிவிடும்.

கிரேடியண்ட் எக்கோ படத்தில் மூளை முழுவதும் கறுப்புக் கோடுகள். தடித்தவை, மெல்லியவை, கிளை பிரிந்தவை. ஸ்பின் எக்கோவில் அதே எலி, அதே வெட்டு: கோடுகளைக் காணோம்.

அந்தக் காலத்தில் படமெடுக்கும் எந்த நிபுணரும் இதைக் கோளாறு என்றே எடுத்துக்கொண்டிருப்பார். புலத்தைச் சீராக்கு, கோட்டை ஒழி, இதுதான் பயிற்சி. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஹீமோகுளோபினோடு பழகிய ஒருவருக்கு அந்தக் கோடுகள் வேறு மாதிரி தெரிந்தன. அவை ரத்தக் குழாய்கள் என்றால் ஆக்சிஜனைக் கூட்டிக் குறைத்தால் மாற வேண்டும். எலிக்குச் சாதாரணக் காற்றுக்குப் பதிலாகச் சுத்த ஆக்சிஜன் கொடுத்தார்கள். கோடுகள் மங்கின. மூச்சடங்கி ஆக்சிஜன் இல்லாமல்போன மூளையில் அவை மிக அழுத்தமாகத் தெரிந்தன. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தில் தெரியவே இல்லை. இந்தக் கடைசிச் சோதனையில்தான் அவருடைய பழைய படிப்பு பேசுகிறது. கார்பன் மோனாக்சைடு உயிருக்கு ஆபத்தானது, ஆனால் ஹீமோகுளோபினோடு அது சேர்ந்தாலும் இணையற்ற எலக்ட்ரான் இருக்காது. ஆகவே கோடுகளுக்குக் காரணம் மூளையின் மூச்சுத்திணறலோ வேறு பாதிப்போ அல்ல, ஹீமோகுளோபினின் காந்த நிலைதான் என்பது ஐயமறத் தெளிவாயிற்று.

கோடுகள் குழாயின் உண்மையான தடிமனைவிட அகலமாகவும் இருந்தன. ரத்தத்துக்கு வெளியே, சுற்றியுள்ள திசுவின் தண்ணீரையும் அந்தக் கோணல் தொடுகிறது என்பது இதன் பொருள். குறை என்று தோன்றும் இதுதான் முறையின் பலம். ரத்தக் குழாய்கள் மூளையின் கன அளவில் சில விழுக்காடுதான், ஆனால் அவற்றின் செய்தி அக்கம்பக்கத்துத் தண்ணீர் வழியாகப் பெரிதாகி வெளியே வருகிறது.

1990 டிசம்பரில், அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக இதழில், சோ-மிங் லீ, ஆலன் கே, டேவிட் டேங்க் ஆகியோரோடு வெளியிட்ட கட்டுரையில் அவர் ஓர் அடி மேலே போனார். மயக்கமருந்தின் அளவு, இன்சுலினால் ரத்தச் சர்க்கரையைக் குறைப்பது, மூச்சில் கரியமில வாயுவைக் கலப்பது என மூளையின் தேவையையோ ரத்த ஓட்டத்தையோ மாற்றும் எதுவும் படத்தை மாற்றுகிறது என்று காட்டினார். ஊசி போட்டு எதையும் செலுத்தாமல், உடம்பில் ஏற்கெனவே உள்ள ரத்தத்தையே சாயம்போல் பயன்படுத்தி மூளையின் வேலையைத் தொடர்ந்து பார்க்கலாம் என்பது அதன் முடிவு. இதற்கு போல்ட் என்று பெயர் வைத்தார். ரத்த ஆக்சிஜன் அளவைப் பொறுத்த மாறுபாடு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

எதிர்பார்த்ததற்கு நேர்மாறு

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. நரம்பணுக்கள் வேலை செய்தால் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அப்படியானால் அங்கே ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் கூட வேண்டும், படம் இருட்டாக வேண்டும். மனிதரிடம் பார்த்தபோது நடந்தது நேர் எதிர். வேலை செய்யும் பகுதி பிரகாசமானது.

விடை ஏற்கெனவே செயின்ட் லூயிஸில் இருந்தது. பீட்டர் பாக்ஸும் மார்கஸ் ரைக்கிலும் 1986இல், உடம்பில் செலுத்திய கதிரியக்கப் பொருளைப் பின்தொடரும் பெட் ஸ்கேன் மூலம், விரல்களில் அதிர்வு கொடுத்து அளந்தார்கள். அந்தப் பகுதிக்குப் போகும் ரத்தம் 29 விழுக்காடு கூடியது, எடுத்துக்கொண்ட ஆக்சிஜன் 5 விழுக்காடுதான் கூடியது. மூளை தனக்கு வேண்டியதைவிட மிக அதிகமாக ரத்தத்தை வரவழைத்துக்கொள்கிறது. அந்த வெள்ளத்தில் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் அடித்துக்கொண்டு போகப்பட்டு, கோணல் குறைந்து, படம் வெளுக்கிறது. ஆக எம்.ஆர்.ஐ. காட்டுவது உழைப்பையும் அல்ல, உழைப்புக்குச் செலவான ஆக்சிஜனையும் அல்ல. தேவைக்கு மேல் வந்து சேர்ந்த உபரியை. ஏன் மூளை இவ்வளவு தாராளமாக இருக்கிறது என்பது இன்றுவரை வாதத்தில் உள்ளது.

மனிதப் பரிசோதனைக்குப் பெல் ஆய்வகத்தில் தோதான காந்தம் இல்லை. இங்கேதான் உகுர்பில் வருகிறார். அவர் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் காந்த ஒத்ததிர்வு ஆய்வு மையம் அமைத்து, மனிதர் படுக்கும் அளவில் 4 டெஸ்லா கருவி வைத்திருந்தார். அங்கே கண்ணுக்கு ஒளி காட்டியபோது, மூளையின் பின்பக்கத்தில் பார்வையைக் கவனிக்கும் மேலடுக்கான பார்வைப் புறணியில் சிக்னல் 5 முதல் 20 விழுக்காடு வரை உயர்ந்தது. கட்டுரை 1992 ஜூலையில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக இதழில் வந்தது.

ஆனால் அதற்குச் சில வாரங்கள் முன்பே, அதே இதழில், பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலிருந்து கென் குவாங்கின் கட்டுரை வந்துவிட்டது. சாதாரண 1.5 டெஸ்லா கருவியில், பீட்டர் மான்ஸ்பீல்டு 1977இல் வகுத்த அதிவேகப் படமுறையைக் கொண்டு. விஸ்கான்சினில் மாணவராக இருந்த பீட்டர் பண்டெட்டினியும் அதே கோடையில் விரல் தட்டும்போது இயக்கப் புறணி வெளுப்பதைக் காட்டினார். ஓராண்டு முன்னால் ராபர்ட் டர்னர் பூனைகளிடம் இந்த மாறுபாட்டை வேகப் படங்களில் பிடித்திருந்தார். முதலில் யார் என்ற சண்டை இந்தத் துறையில் இன்னும் அடங்கவில்லை. என் கணக்கு இது: மனிதப் படத்தில் பாஸ்டன்காரர்கள் ஒரு மூச்சு முந்தினார்கள், தத்துவம் ஒகாவாவுடையது. 1.5 டெஸ்லா காந்தம் பல மருத்துவமனைகளில் இருந்தது. அதில் எதைத் தேட வேண்டும் என்று 1990 வரை யாருக்கும் தெரியவில்லை.

2003இல் எம்.ஆர்.ஐ.க்கான நோபல் பரிசு பால் லாட்டர்பருக்கும் மான்ஸ்பீல்டுக்கும் போனது. விடுபட்ட எம்.ஆர்.ஐ. முன்னோடி ரேமண்ட் டமாடியன் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து எதிர்த்ததைப் பலரும் அறிவார்கள். ஒகாவாவுக்கு அதே ஆண்டு ஜப்பான் பரிசும் கனடாவின் கெய்ர்ட்னர் விருதும் கிடைத்தன. செயல்சார் எம்.ஆர்.ஐ. கண்டுபிடிப்புக்கென்று நோபல் இதுவரை கொடுக்கப்படவில்லை.

செத்த மீனும் எழுபது குழுக்களும்

முறை பரவிய வேகம் அசாத்தியம். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, மருத்துவமனையில் கருவி ஏற்கெனவே இருக்கிறது. உளவியல் துறைகள் மொத்தமாகப் பாய்ந்தன. நல்லதும் வந்தது. கட்டி அகற்றப் போகும் நரம்பு அறுவை மருத்துவர், நோயாளியைச் சொற்களை நினைக்கச் சொல்லிப் படம் எடுத்து, பேச்சுக்கான பகுதி எங்கே என்று முன்கூட்டியே பார்க்கிறார். 1995இல் பரத் பிஸ்வால், சும்மா படுத்திருப்பவரின் மூளையிலும் இடது, வலது இயக்கப் பகுதிகள் சேர்ந்தே ஏறி இறங்குவதைக் கண்டு ஒரு புதுக் கிளையைத் தொடங்கிவைத்தார். 2006இல் ஏட்ரியன் ஓவன், உணர்வற்ற நிலையில் கிடப்பதாகக் கருதப்பட்ட ஒரு பெண்ணை டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார். நலமாக உள்ளவர்களிடம் வேலை செய்யும் அதே பகுதி அவரிடமும் வேலை செய்தது.

குப்பையும் சேர்ந்தது. ஒரு மூளைப் படத்தில் பல்லாயிரம் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் புள்ளியியல் சோதனை. அத்தனை சோதனை செய்தால் தற்செயலாகவே சில கட்டங்கள் தேறிவிடும். இதைக் காட்ட கிரெய்க் பென்னட்டும் நண்பர்களும் ஒரு சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று கேட்டார்கள். மீன் செத்த மீன். திருத்தம் செய்யாத கணக்கில் அதன் மூளையில் சிவப்புத் திட்டு வந்தது. 2012இல் இதற்கு இக் நோபல், சிரிக்கவைத்துச் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான கேலிப் பரிசு. சிரித்துவிட்டுப் போகலாம் என்றால் அடுத்தது அப்படி இல்லை: 2016இல் ஆண்டர்ஸ் எக்லண்டும் உடன் ஆய்வாளர்களும், பலரும் பயன்படுத்தும் மென்பொருள்களின் சில அமைப்புகளில் பொய்யான கண்டுபிடிப்பு 70 விழுக்காடு வரை போகலாம் என்று காட்டினார்கள். 2020இல் ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் அலசவில்லை, சில கேள்விகளுக்கு முடிவும் ஆளுக்கு ஆள் மாறியது.

கணக்கைத் திருத்தலாம். ரத்தத்தைத் திருத்த முடியாது. நரம்பணு ஆயிரத்தில் ஒரு வினாடியில் சுடுகிறது, அதற்கான ரத்தம் உச்சிக்கு வர ஐந்தாறு வினாடி ஆகிறது. 3 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு கட்டத்துக்குள் பல லட்சம் நரம்பணுக்கள் அடங்கியிருக்கின்றன. அவை ஒன்றையொன்று தூண்டுகின்றனவா அடக்குகின்றனவா என்று ரத்தம் சொல்லாது. நிகோஸ் லோகோதெட்டிஸ் 2001இல் குரங்கின் மூளையில் மின்முனையும் எம்.ஆர்.ஐ.யும் ஒருசேர வைத்துப் பார்த்தபோது, போல்ட் சிக்னல் நரம்பணுக்கள் வெளியே அனுப்பும் துடிப்பைவிட உள்ளே வந்து சேரும் செய்தியோடும் உள்ளூர் அலசலோடும்தான் கூடுதலாகப் பொருந்தியது. "இந்த இடம் முடிவெடுக்கிறது" என்று ஒரு படத்தைக் காட்டிச் சொல்பவர், "இந்த இடத்துக்கு ஏதோ தகவல் வந்திருக்கிறது" என்பதற்கு மேல் சொல்ல அவரிடம் ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பது நியாயம்.

வலுவான காந்தம் ஓரளவு உதவுகிறது, ஏனெனில் ரத்தம் உண்டாக்கும் கோணல் புலத்தோடு சேர்ந்து வளரும். 7 டெஸ்லாவில் புறணியின் அடுக்குகளையே பிரித்துப் பார்க்க முயல்கிறார்கள். பிரான்சில் சாக்லே ஆய்வகத்தின் 11.7 டெஸ்லா கருவி 2024இல் மனித மூளையின் முதல் படங்களை வெளியிட்டது. நுணுக்கம் கூடுகிறது, தாமதம் அப்படியே இருக்கிறது.

அந்தத் தாமதம் ஒகாவாவையும் உறுத்தியது. 2000இல் எலியின் முன்னங்காலில் அடுத்தடுத்து இரண்டு தூண்டல் கொடுத்தார். நடுவே சில பத்து மில்லி வினாடிதான் இடைவெளி. முதல் தூண்டலின் விளைவால் இரண்டாவதற்கான சிக்னல் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்து, மெதுவான ரத்தத்திலிருந்தே வேகமான நரம்புப் பேச்சை மறைமுகமாகக் கறக்க முடியும் என்று காட்டினார். மறு ஆண்டு பெல் ஆய்வகத்தை விட்டார். அதற்குள் ஏகபோகம் உடைந்து, ஆய்வகம் லூசென்ட் நிறுவனத்தின் கைக்கு மாறி, ஆட்குறைப்பில் கரைந்துகொண்டிருந்தது. டோக்கியோவில் சில ஆண்டுகள், பிறகு செண்டாயில் தொஹொகு புகுஷி பல்கலைக்கழகம், கூடவே தென் கொரியாவின் கச்சான் பல்கலைக்கழகம் என்று எழுபது வயதைத் தாண்டியும் ஆய்வில் இருந்தார்.

ரத்தத்தை விட்டுவிட்டு நரம்பின் துடிப்பையே எம்.ஆர்.ஐ.யில் பிடிக்கும் ஆசை மற்றவர்களையும் விடவில்லை. 2022இல் ஒரு தென் கொரியக் குழு, மயக்கத்தில் இருந்த சுண்டெலிகளில் அதைச் செய்துவிட்டதாகச் சயன்ஸ் இதழில் அறிவித்தது. அடுத்த ஈராண்டுகளில் வேறு ஆய்வகங்கள் அதே சோதனையைத் திருப்பிச் செய்து பார்த்தன. அந்தச் சிக்னல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.